பழைய வீட்டுப் புழுதியும் மூத்த பூனையும்

வட சென்னை வீட்டின் உடற்கூறு

இராயபுரத்தில் கல்மண்டபத்தைச் சுற்றியும், திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலின் மாட வீதிகளிலும் எஞ்சி நிற்கும் பழைய வீடுகளில் பல, சிமென்ட் பரவலாவதற்கு முன் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பப்பட்டவை. தேக்குக் கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த காரையைப் பரப்பி, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கிய 'மெட்ராஸ் டெரஸ்' தளம் இவ்வீடுகளில் பரவலாகக் காணப்படுவது. இத்தகைய சுவரும் தளமும் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விடும் இயல்புடையவை. கடற்காற்றில் வரும் உப்பு சுவரில் பூத்து உதிர்வதைக் கண்டு, அதன் மேல் சிமென்ட் பூச்சைக் கனமாகப் பூசிவிட்டால், வெளியேற வழியற்ற ஈரம் சுவருக்குள்ளேயே தங்கிப் பூஞ்சைக்கு இடமளிக்கிறது. சாலையை மீண்டும் மீண்டும் உயர்த்திப் போட்டதால் தெருவைவிடத் தாழ்ந்துபோன வீடுகளில் இந்த ஈரம் ஆண்டு முழுவதும் நீடிக்கும். எனவே இங்கே வீட்டைப் புதுப்பிப்பது அழகுக்காக மட்டும் நடப்பதன்று. பெரும்பாலும் அது மூச்சுக்காகவும் நடக்கிறது.

ஆனால் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதும், அதுவரை அடங்கியிருந்த வேறொன்று எழுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளப்பட்ட காலத்தில் அவற்றின் தூசி இராயபுரத்து வீடுகளில் படிந்துகொண்டே இருந்தது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சரக்குகளுக்குத் தடை விதித்த பின்னர் நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்கு நகர்ந்தது. இராயபுரத்துக்குக் கிடைத்த நிம்மதி எண்ணூருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே அனல் மின் நிலையங்களின் சாம்பலும் கன்டெய்னர் லாரிகளின் புகையும் ஏற்கெனவே இருந்தன. பரணிலும், உத்திரத்தின் மேல்விளிம்பிலும், ஓட்டின் இடுக்கிலும் பல ஆண்டுகளாகத் தங்கிய இப்புழுதி, மேற்கூரையைப் பிரிக்கும் நாளில் ஒரே நேரத்தில் கீழே இறங்குகிறது. அது இறுதியில் வந்து சேரும் இடம் தரை. தரைக்கு மிக அருகில் வாழ்பவை இரண்டு: தவழும் குழந்தை, வீட்டுப் பூனை.

பூனையின் நாக்கு

பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்வதில் செலவிடுகிறது. தரையிலும் ஜன்னல் திட்டிலும் படிந்தவை அதன் பாதங்களில் ஒட்டி, பாதங்களிலிருந்து நாக்குக்கும், நாக்கிலிருந்து வயிற்றுக்கும் செல்கின்றன. பெரியவர்கள் பெரும்பாலும் மூச்சால் பெறும் நஞ்சை அது மூச்சாலும் வாயாலும் பெறுவதால், சூழல் கெட்டிருப்பதைப் பூனையின் உடல் முன்னதாகக் காட்டிவிடுவதுண்டு. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன்களில் சேர்ந்தபோது, அம்மீன்களைத் தின்ற பூனைகள் தள்ளாடி, வலிப்பு கண்டு, கடலில் விழுந்து இறந்ததை மீனவர்கள் கண்டனர். மனிதரிடம் அந்நோய் அதிகாரப்பூர்வமாக அறியப்பட்டது அதன் பின்னர், 1956-இல்தான்.

பழைய வீட்டில் இத்தகைய நஞ்சுகளில் முதன்மையானது ஈயம், அதாவது காரீயம். பெயின்டின் நிறம் தூக்கலாக இருக்கவும் விரைவில் காயவும் ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் சேர்க்கப்பட்டன. வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்டில் எவ்வளவு ஈயம் உள்ளது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

ஒரு தேக்கு ஜன்னலை எடுத்துக்கொள்ளலாம். மேலே காப்பி நிறம், அதன் கீழே பச்சை, அதற்கும் கீழே நீலம் என்று ஒவ்வொரு பொங்கலும் ஒவ்வொரு திருமணமும் விட்டுச்சென்ற அடுக்குகள் அதில் இருக்கும். பெயின்டர் உப்புத்தாளால் அதை உலர்வாகத் தேய்க்கும்போது, மூன்று அடுக்கும் மாவாகி ஜன்னல் திட்டில் இறங்குகிறது. மாலையில் வேலை முடிந்து ஆட்கள் போனதும், கடற்காற்றுக்காகப் பூனை வழக்கம்போல் அதே திட்டில் வந்து அமர்ந்து, சிறிது நேரத்தில் முன்னங்காலை நக்கத் தொடங்குகிறது. ஈய நஞ்சு பூனைக்கு வாந்தி, பசியின்மை, ரத்தசோகை, முற்றிய நிலையில் வலிப்பு ஆகியவற்றைத் தரும். குழந்தைக்கோ அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தையின் ரத்தத்தில் தீங்கற்ற ஈய அளவு என்று எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இதைத் தவிர்க்கும் வழி செலவு பிடிப்பதன்று. பெயின்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டாமல் மேலேயே புதுப் பூச்சு அடிப்பது சிறந்தது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வகை உப்புத்தாளைப் பயன்படுத்தி, கீழே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அன்றன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்குவது தூசியை மீண்டும் காற்றில் ஏற்றும். நெருப்புக் காட்டிப் பெயின்டை உரிப்பது ஈயத்தை ஆவியாக்கும்.

சுண்ணாம்பும் சிமென்டும் காரத்தன்மை உடையவை. ஈரக் கலவையில் கால்வைத்த பூனைக்குப் பாதத்திலும், பின்னர் அதை நக்குவதால் நாக்கிலும் புண் ஏற்படும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். பெயின்ட் ஒட்டிய ரோமத்தைத் தின்னரோ டர்பென்டைனோ கொண்டு துடைப்பது பெயின்டைவிடக் கேடு. கரையான் மருந்து அடிக்கும் நாளில் பூனையை வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பயன்படும் குளோர்பைரிபாஸ் போன்றவை நரம்பு மண்டலத்தைத் தாக்குபவை; தளம் முழுவதும் காய்ந்து காற்றோட்டம் ஏற்பட்ட பிறகே திரும்ப அழைத்துவர வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் ஷீட்டின் கணக்கு வேறு. உடையும்போது எழும் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கி, 20 முதல் 40 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக் கூடியவை. பூனை அவ்வளவு காலம் வாழப்போவதில்லை; ஷீட்டைச் சுத்தியலால் உடைக்கும் சித்தாளும் அதைப் பார்த்து நிற்கும் சிறுவனும் வாழ்வார்கள். ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுதாக இறக்கச் சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

பத்து வயதைக் கடந்த உடல்

பூனை பத்து வயதைக் கடந்தால் அதை முதுமைப் பருவம் என்று கால்நடை மருத்துவம் கொள்கிறது. வீட்டில் வளரும் பூனை 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்வது இன்று அரிதன்று. ஆயினும் அதன் நோய்களை 'வயசாயிடுச்சு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கமாகவே இருக்கிறது. முதுமை இயல்பு, ஆனால் முதுமையில் வரும் நோய்களில் பல சிகிச்சைக்கு உரியவை.

அவற்றில் முதலிடம் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு. பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. சிறுநீரகம் நீரைத் தேக்கிவைக்கும் திறனை இழப்பதால் பூனை அதிகம் சிறுநீர் கழித்து, அதை ஈடுசெய்ய அதிகம் தண்ணீர் குடிக்கும். சென்னை வெயிலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 'வெயிலுக்குக் குடிக்குது' என்று விட்டுவிடுகிறார்கள். வேலை நடக்கும் வீட்டிலோ கிண்ணம் இடம் மாறி, தூசி விழும் என்று மூடப்பட்டு, சில நாட்களில் மறந்தும் போய்விடுகிறது. சிறுநீரகம் நலிந்த பூனைக்கு ஒரு நாள் நீர் குறைந்தாலும் நிலைமை விரைந்து மோசமாகும்.

மூட்டுத் தேய்மானம் இன்னும் பரவலானது. 12 வயதுக்கு மேற்பட்ட பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வொன்றில் பத்தில் ஒன்பதுக்கு அதன் அடையாளம் தெரிந்தது. நாய் நொண்டும், பூனை பெரும்பாலும் நொண்டாது. உயரத்தில் தாவுவதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவே. பழைய காவித் தரையைப் பெயர்த்து வழவழப்பான டைல்ஸ் போடும்போது இப்பூனைகளின் கால் விலகிச் சறுக்குகிறது. அதே தரையில் வீட்டுப் பெரியவர்களும் நடக்கிறார்கள் என்பதால், சொரசொரப்பான டைல்ஸைத் தேர்ந்தெடுப்பது இருவருக்கும் நல்லது. உயர் ரத்த அழுத்தம், தைராய்டு சுரப்பி மிகையாக இயங்குதல், பல் ஈறு நோய் ஆகியவையும் இவ்வயதில் வருபவை. ரத்த அழுத்தத்தால் திடீரெனப் பார்வை இழந்த பூனை, பழகிய வீட்டில் மனத்தில் பதிந்த வழியே நடமாடிக் குறையை மறைத்துவிடும். பீரோவும் கட்டிலும் இடம் மாறும் நாளில்தான் அது முட்டிக்கொள்வது கண்ணில் படும்.

வேலை நடக்கும் நாட்கள்

ஒரே மூச்சில் வீடு முழுவதையும் இடிக்காமல் அறை அறையாக வேலை வைப்பது, வீட்டிலேயே தங்கிப் புதுப்பிப்பவர்களுக்குப் பாதுகாப்பான முறை. பூனைக்கென ஓர் அறையை ஒதுக்கி, அதன் பழைய சாக்கு, தண்ணீர்க் கிண்ணம், மண் தட்டு ஆகியவற்றை இடம் மாற்றாமல் வைத்து, கதவின் கீழ் இடைவெளியை ஈரத்துணியால் அடைத்துவிட வேண்டும். மூட்டு வலியுள்ள பூனைக்கு மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருப்பது அவசியம். டிரில் சத்தத்துக்கு அஞ்சிய பூனை சுவர்ப் பொந்திலோ பரணிலோ புகுந்துகொள்ளும். ஜிப்சம் பலகை கொண்டு மேலே அடைப்பதற்கு முன் பூனை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடைக்குமாறு மேஸ்திரியிடம் சொல்லிவைப்பது, சிரிப்புக்கு இடமளித்தாலும், பலமுறை உயிர் காக்கும் எச்சரிக்கை.

மிரண்ட பூனையைப் பிடிக்கப்போய்க் கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வீட்டுப் பூனைதானே என்ற எண்ணம் வெறிநாய்க்கடி நோயில் உதவாது.

வாசலில் கொட்டிய மணல்

வேலைக்கென வாசலில் கொட்டப்படும் மணல் குவியலை அத்தெருப் பூனைகள் அனைத்தும் கழிப்பிடமாக்கிக்கொள்வது எங்கும் காணும் காட்சி. பூனையின் மலத்தில் வெளிப்படக் கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் முட்டை போன்ற நுண்ணுறைகள், ஒன்று முதல் ஐந்து நாட்களில் தொற்றும் தன்மை பெற்று, ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருவுக்கு ஆபத்து. இதைக் கேட்டதும் வீட்டிலுள்ள கிழட்டுப் பூனையைத் துரத்த முற்படுவது அறியாமை. பூனை பெரும்பாலும் இளமையில் முதல் தொற்று ஏற்படும்போது ஓரிரு வாரங்களே இவ்வுறைகளை வெளியிடுகிறது. கவனிக்க வேண்டியது வாசல் மணல்தான். இரவில் அதைத் தார்ப்பாயால் மூடுவதும், கலவை போடும் பெண்களுக்குக் கையுறை தருவதும், குழந்தைகளை அதில் விளையாட விடாததும் போதும். பூனையின் மண் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்துவிட்டால் உறைகள் தொற்றும் நிலையை எட்டுவதில்லை. கர்ப்பிணி அல்லாத ஒருவர் அதைச் செய்யட்டும்.

காசிமேட்டு மீனும் கருவாடும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழும் பூனைகளுக்கு மீனுக்குக் குறைவில்லை. குறை அதில்தான் தொடங்குகிறது. சிலவகை மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் தின்றால், அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்து நரம்புக் கோளாற்றை உண்டாக்கும். வேகவைத்தால் அந்நொதி அழிந்துவிடும். சமையலறை இடிபட்டிருக்கும் வாரங்களில் சமைக்க வழியின்றிக் கருவாட்டைப் போடுவது எளிதாகத் தோன்றினாலும், அதன் உப்பு நலிந்த சிறுநீரகத்துக்கும் உயர்ந்த ரத்த அழுத்தத்துக்கும் கெடுதல். முதிய பூனையின் உணவை மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும், அதையும் வேலை தொடங்குவதற்கு முன்பே மாற்றிப் பழக்குவது நல்லது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், ஆண் பூனை மண் தட்டில் முக்கியும் சிறுநீர் வராமை, வலிப்பு, திடீர்ப் பார்வையிழப்பு, இரண்டு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாமை ஆகியவற்றில் எதுவும் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போடத் தக்கதன்று. பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு உலைவைக்கும். மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடப் பூனையைக் கொல்லக் கூடும் என்பதால், வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை. தூக்கிச் செல்வதற்கான கூடை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்; நோய்க்காக மட்டுமன்றி, வீட்டைவிட்டு உடனே கிளம்பவும் அது தேவைப்படலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, எண்ணூர் மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தது.

வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, வட சென்னையிலிருந்து எளிதில் சென்றடையக் கூடியது. அங்கோ வேறெங்கோ பூனையைக் காட்டும்போது வீட்டில் பெயின்ட் சுரண்டும் வேலை நடப்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை. பூனையின் ரத்தத்தில் ஈயம் உறுதியானால், அவ்வீட்டுக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதே வாரத்தில் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.