சத்தமில்லாமல் ஒரு பந்தயம்

வானவடிக்கு விருந்தாளி யாராவது வந்தால் நாம் முதலில் அழைத்துப் போய்க் காட்டுவது மகாத்ஜி சிந்தேயின் சத்திரியைத்தான். 1794-இல் இங்கே காலமான அந்த மராட்டியத் தளபதியின் நினைவிடம் அது. அதற்கடுத்தாற்போல் 1948-இல் ஏற்பட்ட ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. படைவீரர்களின் வாசனை வீசும் ஊர் இது. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவும் ராணுவ உத்தியோக மாற்றலில் வந்து இங்கேயே தங்கிவிட்டவைதாம். ஆகவே, போரில் கண்ணிழந்த வீரர்களுக்காகப் பிறந்த ஒரு விளையாட்டைப் பற்றி வானவடியில் இருந்துகொண்டு எழுதுவது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

அதன் பெயர் கோல்பால். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பார்வை இழந்து திரும்பிய வீரர்கள் மூலையில் முடங்கிவிடக் கூடாது என்று ஆஸ்திரியரான ஹான்ஸ் லோரன்சன், ஜெர்மானியரான செப் ரைண்டிலே ஆகிய இருவரும் 1946-இல் வகுத்துக் கொடுத்த ஆட்டம். 1972-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் இதை ஒரு காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டினார்கள். அதே ஹைடல்பர்க்கில்தான் 1965 யுத்தத்தில் குண்டடிபட்ட நம் மகாராஷ்டிர வீரர் முரளிகாந்த் பேட்கர் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. 1976-இல் டொராண்டோவில் கோல்பாலுக்குப் பதக்கம் உண்டாயிற்று. ஆனால் ஆண்களுக்கு மட்டும். பெண்கள் 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தது வீண் போகவில்லை. 2016 ரியோ, 2021-இல் நடந்த டோக்கியோ, 2024 பாரிஸ் என்று மூன்று முறை தொடர்ந்து தங்கம் வென்றிருப்பது துருக்கி நாட்டுப் பெண்கள் அணி!

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது வாசிப்பு மூலமாக. வாரம் ஒரு நாள் பார்வையற்ற கல்லூரி மாணவியர் சிலருக்குப் பாடப் புத்தகம் வாசித்துக் காட்டப் போவேன். பூனாவில் 1934 முதல் பார்வையற்றோர் பள்ளி நடந்து வருகிறது. 1952 முதல் பூனா பிளைண்ட் மென்ஸ் அசோசியேஷன் சேவை செய்து வருகிறது. எனவே படிப்புக்கு வழியில்லாமல் இல்லை. பள்ளியில் இருந்தவரை ஓடினோம், ஆடினோம், கல்லூரிக்கு வந்தபின் வகுப்பு, பஸ், விடுதி அறை, இவ்வளவுதான் எங்கள் உலகம் என்றார்கள் அந்தப் பெண்கள். இருபது வயதில் உடம்பு வியர்க்க விளையாட ஓர் இடமில்லை. விடுதியில் கீழே விழுந்துவிடுவாய் என்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா உட்காரு என்பாள். அன்புதான், ஆனால் அந்த அன்பே கால்கட்டாகிவிடுகிறது.

அந்தப் பேச்சில்தான் கோல்பால் தலைகாட்டியது. அவர்களில் இருவர் பள்ளியில் ஆடியவர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆட்ட விதிகளை எனக்கு அவர்கள் பாடம் எடுத்தார்கள்!

ஆட்டம் இதுதான். களத்தில் அணிக்கு மூன்று பேர். வெளியே மாற்று ஆட்டக்காரர் மூவர் வரை இருக்கலாம். ஒவ்வொரு கோடியிலும் 9 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரத்தில் கோல். பந்து 1.25 கிலோ, கூடைப்பந்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கனம். அதில் எட்டுத் துளைகள், உள்ளே மணிகள். எதிரணி பந்தை உருட்டி வேகமாக எறிகிறது. மணியோசையைக் கேட்டு இந்த மூவரும் தரையில் நீட்டிப் படுத்து உடம்பால் தடுக்கிறார்கள். தடுத்த பந்தைப் பத்து விநாடிக்குள் திருப்பி எறிந்தாக வேண்டும். பாதிக்கு 12 நிமிடமாக இரண்டு பாதி, நடுவே 3 நிமிட இடைவேளை. ஓர் அணி பத்து கோல் முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

எல்லோரும் கண்ணை முழுக்க மறைக்கும் கறுப்பு மூடி அணிய வேண்டும். கொஞ்சம் பார்வை உள்ளவர், அறவே இல்லாதவர் என்ற பேதம் அந்த நிமிடமே போய்விடுகிறது. ஆட்டத்தின் நடுவே அனுமதியின்றி மூடியைத் தொட்டால் பெனால்டி. அந்த 9 மீட்டர் கோலை ஒருத்தி தனியாகக் காக்க வேண்டும்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலம் முடிந்ததும் இந்தப் பெண்களுக்காக ஒரு கிளப் போட்டி நடத்த நாங்கள் சிலர் முனைந்திருக்கிறோம். நான்கு அணிகள் சேர்ந்திருக்கின்றன. அணிக்கு ஆறு பேர் வீதம் 24 பெண்கள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் மோதினால் ஆறு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு முக்கால் மணி என்று வைத்தால் நாலரை மணி நேரம். காலையில் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் இருப்பிடம் சேர்த்துவிடலாம்.

களத்துக்கு அளவு 18 மீட்டருக்கு 9 மீட்டர். அச்சாக வாலிபால் களத்தின் அளவு! எனவே வாலிபால் கோடு போட்ட உள்ளரங்கம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கோட்டின் மேல் மெல்லிய கயிற்றை வைத்து அதன்மேல் டேப்பை ஒட்ட வேண்டும். கயிறு கைக்கும் காலுக்கும் தட்டுப்படும். அதைத் தடவித்தான் தாங்கள் நிற்கும் இடத்தை அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். நடுவர் இருவர், கோல் நடுவர் நால்வர், பத்து விநாடியை அளப்பவர், கோல் கணக்கு எழுதுபவர் என்று ஆட்கள் தேவை. முழங்கால், முழங்கைக்கு உறை வேண்டும். மணிப்பந்து நான் ஏறி இறங்கிய விளையாட்டுச் சாமான் கடைகளில் இல்லை. பள்ளியொன்றில் இரவல் கேட்டிருக்கிறோம்.

இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு. ஓர் அரங்கத்தார், யாராவது அடிபட்டுக்கொண்டால் யார் பொறுப்பு என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பள்ளிப் பையன்கள் கால் உடைத்துக்கொள்ளும் கால்பந்துக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை!

நம்மவரிடையிலும் மாற்றுக் கருத்து இல்லாமல் இல்லை. வயிறார சாப்பாடு போட்டு ஆளுக்கொரு புடவை கொடுத்தால் புண்ணியமாகப் போகுமே, போட்டி எதற்கு என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பொங்கல் விழாவில் பாட்டுக்கும் நடனத்துக்கும் நடுவே அரைமணி ஆடிக் காட்டட்டுமே என்றார் இன்னொருவர். இருவரும் நல்ல மனதோடு சொன்னவர்களே. ஆனால் அந்தப் பெண்கள் கேட்பது புடவையை அல்ல. யார் ஜெயித்தார்கள், எத்தனை கோல் என்று எழுதி வைக்கும் ஒரு பட்டியலைக் கேட்கிறார்கள். தோற்றால் அழவும், அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவும் அவர்களுக்கு ஆசை இருக்காதா? எல்லோருக்கும் ஆறுதல் பரிசு கொடுத்து அனுப்பிவிட்டால் அந்த ஆசைக்கு எங்கே இடம்? தவிர, விழா மேடையில் கோல்பால் நடக்கவே நடக்காது. மைக்கும் கைதட்டலும் இருந்தால் மணி கேட்காது. மணி கேட்காவிட்டால் முகத்தில் பந்து விழும்.

2023-இல் பர்மிங்காமில் நம் பார்வையற்ற பெண்கள் கிரிக்கெட் அணி தங்கம் வென்றது. 2025 நவம்பரில் பார்வையற்ற மகளிருக்கான முதல் டி-20 உலகக் கோப்பையையும் கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் நேபாளத்தை வென்று கொண்டுவந்தது. வெற்றிச் செய்தி வந்த அன்று நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெண்களும் எங்கோ ஒரு மூலையில், பத்துப் பேர்கூடப் பார்க்காத ஆட்டத்தில்தானே தொடங்கியிருப்பார்கள்? வானவடியும் அப்படி ஒரு மூலையாக இருக்கட்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். சகோதரிகளே, அன்று காலை பஸ் நிறுத்தத்திலிருந்து அரங்கம் வரை துணைக்கு வர எட்டுப் பேராவது வேண்டும். கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர்கள் பற்றிக்கொள்ள விடுங்கள். அரையடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறுபடியா, இறங்குபடியா என்று சொல்லுங்கள். வாலிபால் ஆடிப் பழகிய இளைஞர்கள் கோடு போடவும் கோல் நடுவராக நிற்கவும் வரலாம். விதிகளைச் சொல்லித்தர அந்த மாணவியர் இருவரும் தயார். போட்டி முடிந்த பிறகும் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு இடம் தரக்கூடியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அது பணத்தைவிடப் பெரிய உதவி. ஒரு நாள் கூத்தோடு நின்றுவிட்டால் கிளப் என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

பார்க்க வருபவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. நடுவர் அமைதி கேட்டதும் மூச்சுவிடும் சத்தம்கூட வரக்கூடாது. செல்போன் அணைந்திருக்க வேண்டும். முறுக்குப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருக்க வேண்டும். கோல் விழுந்த பிறகு, அடுத்து அமைதி கேட்கும்வரை, உங்கள் இஷ்டம்போல் கத்தலாம். நம் குழந்தைகளை அவசியம் அழைத்து வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கக் காரியதரிசியிடம் இந்த மாத இறுதிக்குள் சொல்லிவிட்டால் ஏற்பாடுகளுக்கு வசதியாக இருக்கும்.