ஒரே பெயர், மூன்று பாட்டில்

நள்ளிரவு. எட்டு கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. "பாராசிட்டமால் அஞ்சு மில்லி குடும்மா" என்கிறார் பாட்டி, மூத்தவனுக்குக் கொடுத்த நினைவில். எந்தப் பாட்டிலிலிருந்து?

இந்திய மருந்துக்கடைகளில் அந்தப் பெயரில் வெவ்வேறு அடர்த்தியில் திரவங்கள் கிடைக்கின்றன. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125, இன்னொன்றில் 250. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது பொதுவான கணக்கு. எட்டு கிலோவுக்கு அதிகபட்சம் 120 மில்லிகிராம். 125 சிரப்பில் அது 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. சொட்டு மருந்தில் வெறும் 1.2 மில்லி. சொட்டு மருந்தையே 5 மில்லி ஊற்றிவிட்டால், பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று முழுசாகக் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது.

பாராசிட்டமாலில் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப்பொருளாக மாறும். கல்லீரலிலுள்ள குளுட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடும். மருந்து மிஞ்சினால் குளுட்டாதயோன் தீர்ந்து, நச்சு கல்லீரலைத் தாக்கும். முதல் நாள் குழந்தை நன்றாக இருப்பதுபோலவே தெரியலாம்.

அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் இருந்தது. 2011இல் தயாரிப்பாளர்கள் அடர்த்தியான சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான திரவம் முழுவதையும் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் என ஒன்றாக்க முன்வந்தார்கள்.

அப்படியானால் வேறு மருந்து?

ஆஸ்பிரின் கூடாது. ஃப்ளூ, சின்னம்மை கண்ட பிள்ளைகளின் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கும் நோயை ஆஸ்திரேலியாவின் டக்ளஸ் ரை 1963இல் விவரித்தார். அதற்கும் ஆஸ்பிரினுக்கும் தொடர்பு இருப்பது பின்னர் தெரிந்தது. நிமெசுலைடு என்ற காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குக் கீழ் 2011இல் இந்தியா தடை செய்தது. ஐபுபுரோஃபென் காய்ச்சலுக்கு நல்ல மருந்துதான். ஆனால் பொதுவாக ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தருவதில்லை. டெங்கு சந்தேகம் இருந்தால் ரத்தக்கசிவு அபாயத்தால் தவிர்க்கிறார்கள்.

பிறந்து மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் எட்டினால், எந்தப் பாட்டிலையும் திறக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். மற்ற குழந்தைகளுக்கு மருந்துச்சீட்டில் மில்லியோடு பாட்டிலின் அடர்த்தியையும் எழுதித்தரக் கேட்கலாம்.