காதில் கருவி, கையில் பேசி: இணைப்பு எங்கே அறுந்தது?

நேயர்களுடன் பேசும் வானொலி நிகழ்ச்சிகளை நடத்துவோருக்கு இந்த உரையாடல் பழகிப்போன ஒன்று.

"வணக்கம்மா, எங்கிருந்து பேசுறீங்க?"

"நல்லா இருக்கேன்பா, நீங்க எப்படி இருக்கீங்க?"

உடனே குரலைச் சற்று உயர்த்தி, நிதானமாக மறுபடியும் கேட்போம். பெரும்பாலான நேரங்களில் அது போதும். ஆனால் அண்மைக் காலமாக வேறு வகைப் பதிலும் வருகிறது. "காதுல மிஷின் போட்டிருக்கேன் தம்பி. மகன் போனோட சேர்த்துவிட்டான். நேத்து வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு, இன்னைக்கு என்னமோ தெரியல."

இந்த 'என்னமோ தெரியல' பல வீடுகளில் நடக்கும் கதை. பல ஆயிரம் வெள்ளி செலவழித்துப் புளூடூத் வசதியுள்ள செவித்துணைக் கருவியை வாங்கிக் கொடுக்கிறோம். முதல் சில வாரங்கள் பிள்ளைகளின் குரல் நேராகக் காதுக்குள் ஒலிக்கிறது. பிறகு ஒருநாள் இணைப்பு அறுகிறது. மகனோ மகளோ வேலையில் இருப்பார்கள். தொந்தரவு செய்யவேண்டாம் என்று பெரியவர் பேசாமல் இருந்துவிடுகிறார். அடுத்து அழைப்புகளை எடுப்பது குறைகிறது. கடைசியில் கருவியே அலமாரிக்குள் போய்விடுகிறது.

காது மந்தமானவருக்குத் தொலைபேசி உரையாடல் நேரில் பேசுவதைவிடக் கடினம். எதிரில் இருப்பவரின் உதட்டசைவும் முகக்குறிப்பும் கிடைக்காது. அதோடு, வழக்கமான தொலைபேசி அழைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'ச', 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை அதற்கு மேலே இருக்கிறது. முதுமையில் முதலில் கைவிட்டுப் போவதும் அந்த மேல் ஒலிகள்தான். புளூடூத் வழியாகக் குரல் இரு காதுகளுக்கும் நேராகப் போகும்போது, அறையின் இரைச்சல் குறுக்கிடுவது குறைகிறது, பேச்சு பிடிபடுகிறது. எனவே இந்த இணைப்பை வெறும் கூடுதல் வசதி என்று ஒதுக்கிவிட முடியாது.

நல்ல செய்தி என்னவென்றால், இணைப்புக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம். எங்கே அறுந்தது என்பதை வரிசையாகத் தேடவேண்டும், அவ்வளவுதான்.

*முதல் கேள்வி: அறையில் கேட்கிறதா?*

கைப்பேசியைத் தொடுவதற்கு முன், கருவியைக் காதில் போட்டபடி பெரியவருடன் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். காதருகே விரல்களை உரசிப் பாருங்கள். நேரில் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை என்றால் அது புளூடூத் கோளாறு இல்லை. மின்கலம் தீர்ந்திருக்கலாம். ஒலி வெளியே வரும் முனையில் உள்ள சிறிய வடிகட்டியைக் காதழுக்கு அடைத்திருக்கலாம். வடிகட்டியை மாற்றினாலே பல கருவிகள் உயிர்பெற்றுவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கருவி நன்றாக வேலை செய்தும், ஒரு காதில் மட்டும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ கேட்கும் திறன் திடீரென்று குறைந்திருந்தால், திறன்பேசியை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் இழப்புக்குச் சிகிச்சை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

நேரில் நன்றாகக் கேட்கிறது, கைப்பேசி ஒலி மட்டும் வரவில்லை என்றால் மேலே படியுங்கள்.

*எல்லாப் புளூடூத்தும் ஒன்றல்ல*

'புளூடூத் இருக்கிறது' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். செவித்துணைக் கருவிகள் திறன்பேசியுடன் பேசுவதற்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, ஐஃபோனுக்கென உருவான முறை. ஜிஎன் ரீசவுண்ட் நிறுவனத்தின் 'லிங்க்ஸ்' கருவி 2014இல் இந்த வழியில் முதலில் சந்தைக்கு வந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இரண்டாவது, 'ஆஷா' எனப்படும் ஆண்ட்ராய்ட் முறை. கூகல் இதை 2018இல் அறிவித்தது. எல்லா ஆண்ட்ராய்ட் பேசிகளிலும் இது இருக்காது. மூன்றாவது, சாதாரண ஒலிச்செவிகள் பயன்படுத்தும் பழைய புளூடூத். ஃபோனாக் நிறுவனத்தின் பல கருவிகள் இந்த வழியைப் பின்பற்றுவதால் பலவகைப் பேசிகளுடனும் அவை இணைகின்றன. நான்காவது, புதிதாகப் பரவிவரும் 'எல்இ ஆடியோ'. இதன் தொழில்நுட்ப விவரங்கள் 2022இல் முழுமைபெற்றன. கருவி, பேசி இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் இது பயன்படும்.

அப்பாவின் பழைய ஐஃபோனை மாற்றிப் புத்தம்புது ஆண்ட்ராய்ட் பேசி வாங்கிக் கொடுத்த அன்றிலிருந்து கருவி வேலை செய்யவில்லை என்றால், காரணம் இங்கே இருக்கலாம். கருவியிலும் பழுதில்லை, பேசியிலும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு மொழி பேசுகின்றன. கருவி நிறுவனத்தின் இணையத்தளத்தில் எந்தெந்தப் பேசிகளுடன் அது இணையும் என்ற பட்டியல் இருக்கும். பேசியை மாற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

*வரிசையாகச் செய்யவேண்டியவை*

1. மின்கலத்தைக் கவனியுங்கள். கைப்பேசி ஒலியைக் கேட்கும்போது கருவி கூடுதல் மின்சக்தியை உறிஞ்சும். மின்கலம் பாதி தேய்ந்திருந்தால், நேரில் பேசுவது கேட்கும். அழைப்பு மட்டும் அறுந்து போகும். பொத்தான் போன்ற சிறிய மின்கலம் என்றால், அதன்மேல் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்த பிறகு ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்து, பிறகு கருவிக்குள் போடுங்கள். அது காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு இயங்கும் மின்கலம். உரித்த தாளை மறுபடி ஒட்டினாலும் சக்தி சேமிக்கப்படாது.

2. இரண்டையும் அணைத்துப் போடுங்கள். மின்கல மூடியுள்ள கருவி என்றால் மூடியைத் திறந்து மூடினால் போதும். மின்னூட்டும் வகை என்றால் அதன் பெட்டியில் வைத்து எடுங்கள். கைப்பேசியையும் ஒருமுறை முழுமையாக அணைத்து மறுபடி இயக்குங்கள். சென்னைக்கோ பினாங்குக்கோ போய்வந்த பிறகு தொல்லை தொடங்கியது என்றால், கருவியோ பேசியோ இன்னும் விமானப் பயணத்துக்கான நிலையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. சரியான இடத்தில் தேடுங்கள். ஐஃபோனில் பலரும் 'புளூடூத்' பட்டியலில் கருவியைத் தேடி, காணவில்லை என்று கைவிடுகிறார்கள். ஐஃபோனுக்கென உருவான கருவிகளை 'செட்டிங்ஸ்' போய், 'ஆக்சசிபிலிட்டி', அதற்குள் 'ஹியரிங் டிவைசஸ்' என்ற இடத்தில்தான் இணைக்கவேண்டும். ஃபோனாக் போன்ற கருவிகளில் அழைப்புகளைக் கேட்கச் சாதாரண 'புளூடூத்' பட்டியலிலேயே சேர்க்கலாம்.

4. மறக்கச் சொல்லி, மறுபடி அறிமுகம் செய்யுங்கள். பேசியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு பழைய இணைப்பு குழம்பிப்போவது உண்டு. பட்டியலில் கருவியின் பெயரைத் தட்டி 'ஃபர்கெட்' கொடுத்துவிடுங்கள். கருவியை அணைத்து இயக்கிய கையோடு மறுபடி இணையுங்கள். இயக்கிய பிறகு சிறிது நேரம் மட்டுமே கருவி புதிய இணைப்பை ஏற்கும். ஃபோனாக் கருவிகளில் அந்த அவகாசம் 3 நிமிடம். பெட்டியிலிருந்து காலையில் எடுத்த கருவியை மாலையில் இணைக்க முயன்றால், அது கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

5. இரண்டு காதுக்கும் சம்மதம் சொல்லுங்கள். ஐஃபோனில் இடது, வலது கருவிகளுக்குத் தனித்தனியாக இணைப்புக் கோரிக்கை வரும். இரண்டாவது சில விநாடிகள் தாமதமாகவே வரும். முதலாவதற்கு 'பேர்' என்று தட்டிவிட்டுப் பேசியை மூடிவைத்தால், ஒரு காதில் மட்டும் ஒலி வரும்.

6. செயலிக்கு அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்ட் 12 முதல் 'நியர்பை டிவைசஸ்' என்ற அனுமதியைச் செயலி கேட்கும். அதற்கு முந்தைய பேசிகளில் இருப்பிட அனுமதி தேவைப்படும். 'என் இருப்பிடம் எதற்கு?' என்று சந்தேகப்பட்டு மறுத்தால், செயலியால் கருவியைக் கண்டுபிடிக்க முடியாது. மின்சக்தியைச் சேமிக்கும் பொருட்டு ஆண்ட்ராய்ட் பின்னணியில் செயலியை முடக்குவதும் உண்டு. அந்தச் செயலியின் 'பேட்டரி' பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என மாற்றிவிடுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். செயலி ஒலியளவையும் நிரல்களையும் மாற்றுவதற்கு. அழைப்பின் ஒலியைக் காதுக்கு அனுப்புவது பேசியின் வேலை. செயலியில் 'இணைப்பில்லை' என்று வந்தாலும் அழைப்பு நன்றாகக் கேட்கலாம், மாறாகவும் நடக்கலாம். எது கேட்கவில்லை என்று பெரியவரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

*இணைந்துதான் இருக்கிறது, ஆனாலும்...*

"பாட்டி காதுல கார்ட்டூன் சத்தம் கேக்குதாம்!" இது சிரிப்பதற்கு மட்டுமான செய்தியில்லை. ஒரே கணக்கில் இயங்கும் ஐபேட் வீட்டில் இருந்து, பேரப்பிள்ளை அதில் படம் பார்த்தால், கருவி அங்கே தாவிவிடலாம். பாட்டியின் அழைப்பு அப்போது பேசியிலேயே ஒலித்து அடங்கும். 'ஹியரிங் டிவைசஸ்' பக்கத்தில் 'ஆடியோ ஹேண்ட்ஆஃப்' என்பதை அணைத்துவிட்டால் இந்தத் தாவல் நிற்கும். பயன்படுத்தாத பழைய பேசியிலும் கருவியின் பெயரை நீக்கிவிடுங்கள். மகனின் காரில் ஏறியதும் அழைப்பு காரின் ஒலிபெருக்கிக்குப் போவதும் இதே கதைதான்.

அழைப்பு மணி கேட்கிறது, குரல் பேசியின் ஒலிபெருக்கியில் வருகிறது என்றால், அதே பக்கத்தில் 'ஆடியோ ரூட்டிங்' என்பதைப் பாருங்கள். அழைப்பின் ஒலி எப்போதும் கருவிக்கே போகும்படி அதில் வைக்கலாம். வாட்ஸ்அப் அழைப்பில் இருக்கும்போது திரையில் உள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தட்டி, கருவியின் பெயரைத் தேர்ந்தெடுக்கலாம்.

"எனக்குக் கேக்குது, அவங்களுக்குத்தான் கேக்கலையாம்" என்பது இன்னொரு புகார். பல கருவிகள் அழைப்பின் ஒலியைக் காதுக்குக் கொண்டுவருமே தவிர, நம் குரலைத் திருப்பி அனுப்பா. அதற்குப் பேசியின் ஒலிவாங்கிதான் பயன்படுகிறது. பேசியைச் சட்டைப்பைக்குள் விட்டுவிட்டுப் பேசினால் எதிர்முனைக்குக் குரல் மங்கலாகவே போகும். உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துகொண்டு, தேவையென்றால் பேசியைக் கையில் பிடித்துப் பேசச் சொல்லுங்கள்.

ஒலி விட்டுவிட்டு வந்தால், பேசி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. நீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். நம் உடலில் பெரும்பகுதி நீர்தான். பின்பக்கப் பையில் பேசியை வைத்தால், அலை உடலைச் சுற்றி வரவேண்டும். முன்பக்கச் சட்டைப்பைக்கு மாற்றினாலே பல நேரங்களில் சிக்கல் தீர்ந்துவிடும். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது ஒலி கரகரப்பதும் இதே அலைவரிசையால்தான்.

*யாரிடம் போகலாம்?*

இத்தனையும் செய்தும் பலனில்லை என்றால், கருவியைப் பொருத்திய செவிப்புலன் வல்லுநரிடம் போங்கள். கருவிக்குள் இருக்கும் மென்பொருளும் புதுப்பிக்க வேண்டியதாக இருக்கலாம். பேசியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'எப்போது, எந்தச் செயலியில், எந்தக் காதில்' என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம்.

கைப்பேசியைப் பயன்படுத்துவதே சிரமமாக இருக்கும் மூத்தோருக்கு, எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் நேரடியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இனிமேல்தான் கருவி வாங்கப்போகிறீர்கள் என்றால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு நிர்வகிக்கும் மூத்தோருக்கான நடமாட்ட உதவி நிதியைப் பற்றிக் கேளுங்கள். தகுதி பெறுவோருக்கு, செவித்துணைக் கருவி உள்ளிட்ட சாதனங்களின் விலையில் 90 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும்.

வாங்கும் இடத்தில் மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். இப்போது கையில் இருக்கும் பேசியுடன் நேரடியாக இணையுமா? பேசும்போது என் குரலைக் கருவியே எடுத்துக்கொள்ளுமா? ஒரே நேரத்தில் எத்தனை சாதனங்களுடன் இணையும்? பதிலைக் கேட்டதோடு நிற்காமல், அங்கேயே உங்கள் கைப்பேசியிலிருந்து ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள்.

*பிடுங்கி வாங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து*

நம்மில் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. "கொடுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று பேசியை வாங்கி, இரண்டு நிமிடத்தில் எதையோ தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அடுத்த வாரம் அதே கோளாறு வந்தால் அவர் மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாக, அவர் விரலாலேயே தட்டச் சொல்லுங்கள். 'அணை, இயக்கு, பட்டியலில் பார், பெயரைத் தட்டு' என்ற நான்கு படிகளையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, கருவியின் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பேசியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையை நீங்கள் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு குழம்பினால் உடனிருந்து சரிசெய்யலாம்.

எல்லாம் முடிந்ததும் அடுத்த அறைக்குப் போய் ஓர் அழைப்பு போடுங்கள். அடுத்த நாள் வேலையிடத்திலிருந்தும் ஒன்று. சரிசெய்தது நிலைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட எளிய சோதனை இல்லை. அப்பாவுக்கும் அந்த அழைப்பு பிடிக்கும்.