வெளிநாட்டு வேலை கிடைச்சாச்சு... வீட்டு நாயையும் கூட்டிட்டுப் போக முடியுமா?

ஜெர்மனியில் வேலை உறுதியாகிவிட்டது. ஆஃபர் லெட்டர் கையில், விசா வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்தில் கிளம்ப வேண்டும். வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. 'அதான் வருஷா வருஷம் ஊசி போட்டிருக்கோமே, டிக்கெட் எடுத்தா போதும்' என்று நினைத்திருந்தால், உங்கள் நாய் உங்களோடு அந்த விமானத்தில் ஏற முடியாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு ஒரு நாயையோ பூனையையோ புதிதாகத் தயார் செய்து அழைத்துச் செல்ல, குறைந்தது நான்கு மாதம் ஆகும். பணம் கட்டி இதைச் சுருக்க வழியே கிடையாது.

முதலில் மைக்ரோசிப்

எல்லாமே தொடங்கும் இடம் இதுதான். அரிசி அளவுள்ள ஒரு சிப்பை கால்நடை மருத்துவர் ஊசி வழியாகத் தோலுக்கு அடியில் செலுத்துவார். சர்வதேசத் தரத்தில் 15 இலக்க எண் கொண்ட சிப்பாகக் கேட்டு வாங்குங்கள். ராஜபாளையமோ, தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாயோ, பாரசீகப் பூனையோ, விதி ஒன்றுதான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். சிப் பொருத்துவதற்கு முன் போட்ட ரேபிஸ் தடுப்பூசி எதுவும் கணக்கில் வராது. ஐந்து வருடம் தவறாமல் போட்டிருந்தாலும் சரி, அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு அட்டையில் ஆதாரம் இல்லையே! எனவே சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பிறகோ மறுபடி ஊசி போட வேண்டும். நாய்க்கு அப்போது 12 வாரமாவது நிறைந்திருக்க வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்த மாதிரி எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸுக்கு எதிரான ஆன்டிபாடி ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். பாஸ் ஆனாலும் உடனே பறக்க முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஜனவரி 5-ல் சிப்பும் ஊசியும் என்றால், ரத்தம் எடுப்பது பிப்ரவரி 4-ல், பயணம் மே முதல் வாரத்தில்.

'ரிசல்ட்தான் நல்லா வந்துடுச்சே, அப்புறம் ஏன் காத்திருக்கணும்?'

நியாயமான கேள்விதான். ரேபிஸ் வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறுகிறது. அறிகுறி தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகலாம். அதுவரை நாய் நன்றாகச் சாப்பிடும், வாலாட்டும். அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி இருப்பதை ஆய்வகம் சொல்லிவிடும். ஊசிக்கு முன்பே அந்த நாயை ஏதாவது கடித்து வைரஸ் உள்ளே போயிருக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. காலம்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்த மூன்று மாதம்.

ரேபிஸ் இன்னும் பரவலாக உள்ள நாடு இந்தியா என்பதால்தான் நமக்கு இந்தச் சோதனை. இதுவே முன்னேற்றம்தான். பிரிட்டனில் 2000-ம் ஆண்டு வரை, வெளியிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் தனிமைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். இப்போது அந்தக் காத்திருப்பை நம் வீட்டிலேயே, நம் சோபாவிலேயே கழிக்கலாம்.

ஒரு நாள் தவறினாலும்...

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ரத்தப் பரிசோதனையில் ஒருமுறை தேறினால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அது ஆயுளுக்கும் செல்லும், பூஸ்டர் ஊசியைக் காலாவதி ஆவதற்குள் போட்டுக்கொண்டே வந்தால். ஒரு நாள் தாண்டினாலும் மீண்டும் முதலிலிருந்து ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம். அதனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கும்போதே சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். வேலை கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. சிப் உள்ள நாய் தொலைந்தால், ஸ்கேனர் உள்ள இடத்தில் அடையாளம் காணலாமே.

கடைசி 10 நாள்

மத்திய அரசின் கால்நடை தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு சேவை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்குதான் சுகாதாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கொடுத்த நாளிலிருந்து 10 நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதால், டிக்கெட் தேதியை வைத்துக்கொண்டுதான் இதற்குப் போக வேண்டும். நாய் வேறு விமானத்தில் வந்தாலும், அதற்கும் உங்கள் பயணத்துக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. மீறினால் வியாபாரச் சரக்கு விதிகளுக்குள் போய்விடும்.

இனத்தையும் பாருங்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கையும் ஜெர்மனிக்குள் கொண்டுவரத் தடை உண்டு. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல விமான நிறுவனங்கள் சரக்குப் பகுதியில் ஏற்றுவதில்லை. மூச்சுத் திணறல் பயம்தான் காரணம்.

காகிதம் சரியில்லாவிட்டால் நாயைத் திருப்பி அனுப்பலாம், தனிமைப்படுத்தலாம். இரண்டும் முடியாதபோது கடைசி வழியாகக் கருணைக்கொலை செய்யவும் ஐரோப்பிய விதியில் இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் 2015-ல் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் அறிவிக்கப்படாமல் தனி விமானத்தில் வந்து இறங்கியபோது, 'திருப்பி அனுப்புங்கள், இல்லாவிட்டால் கொன்றுவிடுவோம்' என்று அமைச்சரே கெடு வைத்தார். நாய்கள் அமெரிக்காவுக்கே திரும்பின.

மற்ற நாடுகளுக்கு?

வரிசை ஏறக்குறைய இதேதான், காத்திருப்புதான் மாறும். ஜப்பானுக்கு ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள். பிரிட்டனுக்கு மூன்று மாதத்தோடு, நாய்க்கு நாடாப்புழு மருந்தும் வேண்டும், அதுவும் போய்ச் சேர்வதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள். தவிர, விமானத்தில் அங்கே போகும் செல்லப் பிராணி சரக்காகத்தான் போக வேண்டும், மடியில் வைத்துக்கொண்டு இறங்க முடியாது. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிறையாத நாயை உள்ளே விடுவதில்லை.

ஜெர்மனியில் குடியேறிய பின் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பிய செல்லப் பிராணி பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளலாம். விடுமுறைக்கு நாயோடு சென்னை வரும் எண்ணம் இருந்தால், கிளம்பும் முன் அங்கேயே ரத்தப் பரிசோதனை செய்து அதில் பதிந்துவிடுங்கள். ஊசியும் காலாவதி ஆகாமல் இருந்தால், திரும்பிப் போகும்போது அந்த மூன்று மாதக் காத்திருப்பு இருக்காது.