டீக்கடையில் கிடந்த அறிவிப்பு



போன மாதம் நம் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார். "எங்க ஊரு ஓரத்துல ரசாயன ஃபேக்டரி வருதாம். மக்கள்கிட்ட கருத்துக் கேட்டு முடிச்சாச்சுன்னு சொல்றாங்க. எங்ககிட்ட யாரு கேட்டா?"

விசாரித்துப் பார்த்தோம். பேப்பரில் போட்டுத்தான் இருந்தார்கள். அந்தப் பேப்பர் டீக்கடையில் கிடந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பெரிய சுரங்கம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்றவை தொடங்க சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். மத்திய அரசு 2006-இல் போட்ட அறிவிக்கை இதற்கு விதி சொல்கிறது. எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும், பலவற்றுக்கு ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கருத்துச் சொல்ல குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. பேப்பரே வராத ஊர் என்றால் தண்டோரா போட வேண்டும், ரேடியோ, டி.வி.யிலும் சொல்ல வேண்டும்.

அந்த 30 நாளும் சும்மா இல்லை. ஆலையால் தண்ணீர், காற்று, நிலம் என்ன ஆகும் என்ற வரைவு அறிக்கையும், அதன் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் இவற்றில் இருக்கும். நாம் போய்ப் பார்க்கலாம். தடிமனைக் கண்டு பயப்பட வேண்டாம், முதலில் சுருக்கத்தைக் கேளுங்கள். எங்கிருந்து தண்ணீர் எடுப்பார்கள், கழிவை எங்கே விடுவார்கள் என்று தேடுங்கள்.

கூட்டம் ஆலை வரும் இடத்திலோ பக்கத்திலோ நடக்கும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்குவார். இங்கேதான் கவனிக்கணும்: நம்ம குழுக் கூட்டம் மாதிரி இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. நாம போகலைன்னாலும் கூட்டம் நடக்கும்.

வந்தவர்கள் யாரும் பேசலாம். முழுவதும் வீடியோ எடுப்பார்கள். முடிவில் பேசியதன் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை எழுந்து வந்துவிடாதீர்கள். நீங்கள் சொன்னது விட்டுப் போயிருந்தால் அங்கேயே கேளுங்கள். வர முடியாதவர்கள் வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம்.

அனுமதி கிடைத்தாலும் நிறுவனம் அதை 7 நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிட வேண்டும். எதிர்ப்பு இருந்தால் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

அந்த ஊருக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதனால் மூன்று குழுக்கள் சேர்ந்து கிணற்றுத் தண்ணீர் பற்றித் தீர்மானம் எழுதி வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். பேப்பர் பார்க்க ஒரு கல்லூரிப் பெண்ணை நியமித்திருக்கிறார்கள். தினம் சாயங்காலம் ஊர்ப்புற நூலகம் போய் வருகிறாள்.