தணல் அடங்கிய பிறகு என்ன நடக்கிறது?

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. கொடைக்கானலில் அறை பதிவு செய்துவிட்ட வாசகர்கள் இந்த வாரம் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பம்தான். இரவில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காயலாமா, ஜன்னலை எவ்வளவு திறந்தால் போதும்? வைக்கக் கூடாது என்பதே பதில். இந்தப் பக்கம் மாலை ஆறு மணிக்கு அச்சுக்குப் போகிறது. ஏன் கூடாது என்பதை மட்டும் நிதானமாகச் சொல்லிவிட்டு, மற்றதை ஓட்டமாக முடிக்கிறேன். கரி அடுப்பு கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து போன ஒரு குழு கொடைக்கானலின் சின்னப்பள்ளம் பகுதியில் தங்கியது. பார்பிக்யூ முடிந்தது, குளிருக்காக அடுப்பு அறைக்குள் வந்தது. அங்கே படுத்த இருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட சாவுகளுக்குச் செய்திக்குறிப்புகளில் வழக்கமாக வரும் சொல் ‘மூச்சுத்திணறல்’. நாங்களும் அப்படியே அச்சிட்டுவிடுகிறோம்.

எனக்கு அந்தச் சொல்லோடுதான் சண்டை. இதில் திணறலே கிடையாது. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வு எழுவது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேரும்போது. இங்கே நுரையீரல் அதை வழக்கம்போல வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. உடலுக்குள் அபாய மணி அடிப்பதில்லை. அறையில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதும் இல்லை. அதைச் சுமக்க வேண்டிய ஹீமோகுளோபினில்தான் இடமில்லை. மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அதில் ஒட்டிக்கொள்கிறது. தலை கனக்கும், கண் சொக்கும், அவ்வளவுதான். ‘மூச்சு முட்டினால் முழிச்சுக்க மாட்டோமா சார்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது இந்தச் சொல்தான்.

இனி கரிக்கு வருவோம். விறகு எரிந்தால் கண் கரிக்கும், இருமல் வரும், ஆளை வெளியே விரட்டிவிடும். கரி சாது. அதன் புகையெல்லாம் கரி மூட்டத்திலேயே போய்விட்டது. ஆனால் கும்பாகக் கிடக்கும் கரிக்குள் நடப்பதைப் பாருங்கள். அடியில் காற்று படும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அது மேலே ஏறும் வழியில் செக்கச் சிவந்த கங்குகளைக் கடந்தாக வேண்டும். கடக்கும்போது கங்கிலிருந்து இன்னொரு கார்பனைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு மூலக்கூறு இரண்டு மோனாக்சைடு மூலக்கூறுகளாகிவிடுகிறது. இரும்புத் தாதை உருக்கும் ஊதுலைக்குள்ளும் இதே வினைதான் நடக்கிறது. அங்கே அதுதான் ஆலைக்குச் சோறு போடுகிறது.

அடுப்பு நன்றாகக் கனலும்போது கரியின் தலையில் மெல்லிய நீலச் சுடர் ஆடுமே, அது மோனாக்சைடு எரிவது. எரிந்தால் மறுபடி டை ஆக்சைடாகிவிடும். சமையல் முடிந்து, மேலே சாம்பல் பூத்து, சூடு இறங்கியதும் சுடர் அணைந்துவிடுகிறது. வாயு உண்டாவது நிற்பதில்லை. அதை எரித்துத் தீர்க்க ஆளில்லை. ‘தணல் அடங்கிடுச்சு, இனி உள்ளே வைக்கலாம்’ என்று நாம் தூக்கி வருவது சரியாக அந்த நேரத்தில்.

ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரம் என்றால் சுமார் 30 கன மீட்டர் காற்று. ஒரு கிலோ கரியில் 800 கிராம் கார்பன் என்று வைப்போம். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மோனாக்சைடானால் 187 கிராம். கன மீட்டருக்கு 6 கிராம். உலக சுகாதார நிறுவனம் கால் மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு 100 மில்லிகிராம். அறுபது மடங்கு. காற்று கொஞ்சம் கசிகிறது என்று பாதியைத் தள்ளினாலும் முப்பது. போதாததற்கு, கொடைக்கானல் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைவு. ரத்தத்துக்கு அங்கே ஆக்சிஜன் ஏற்கெனவே அளவுச் சாப்பாடுதான்.

அறையில் ஜன்னலே இல்லையா என்றால், இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளிர்ப் பகுதிகளில் தரைப்பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. நம் சமவெளிபோலப் புழுங்கும் ஊர்களில் ஆறில் ஒரு பங்கு. 120 சதுர அடி அறைக்குப் பத்து சதுர அடி ஜன்னல் இருந்தால் விதி நிறைவேறிவிட்டது. ஆனால் விதி அளப்பது திறக்கக்கூடிய ஜன்னலை. இரவு பதினொரு மணிக்கு அதன் கொண்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று எந்த விதியும் வந்து பார்ப்பதில்லை. போன மார்கழியில் நான் தங்கிய அறையில் ஜன்னல் சந்துகளையெல்லாம் பழைய பேப்பர் சுருட்டி அடைத்திருந்தார்கள். உருவிப் பார்த்தேன், எங்கள் பத்திரிகைதான், ஞாயிறு இணைப்பு.

பழைய பங்களாக்காரர்கள் குளிருக்குப் பயந்தவர்கள்தான், ஆனால் கணப்புக்கு மேலே புகைபோக்கி வைத்தார்கள். சூடான காற்று லேசானது, மேலே போகும். குழாய் எவ்வளவு உயரமோ, உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு இழுப்பு. சூட்டில் பெரும்பகுதி வானத்துக்குப் போகும், விஷமும் கூடவே போகும். இன்றைய காட்டேஜில் ரப்பர் பட்டை வைத்த யூபிவிசி ஜன்னல் உண்டு, புகைபோக்கி கிடையாது. ‘குளிர் புகாத அறை’ என்று விளம்பரம் வேறு. குளிர் புகாத இடத்தில் வேறு எதுவும் வெளியே போகாது என்பதை விளம்பரத்தில் போடுவதில்லை.

‘சௌகரியமான வெப்பநிலை’ என்பதற்கும் அரசிடம் சூத்திரம் இருக்கிறது. வெளி வெப்பநிலையின் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்ட வேண்டும். 2016 விதித்தொகுப்பில் சேர்ந்தது. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுக் கண்டது. நல்ல ஆராய்ச்சி, மறுக்கவில்லை. ஜனவரி கொடைக்கானலுக்குச் சராசரி 13 டிகிரி என்று போட்டால் விடை சுமார் 20. சூடேற்றாத அறை அதற்குப் பல டிகிரி கீழே கிடக்கும். நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்புவது யார் என்று சூத்திரம் சொல்வதில்லை. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த அடுப்போடு கதவைத் தட்டும் பையன் நிரப்புகிறான்.

மற்ற கேள்விகள்.

மலைக்காற்று சுத்தம் என்கிறார்களே? வெளியே சுத்தம், மோனாக்சைடுக்கு ஒரு மணி நேரத்தில் கன மீட்டருக்கு 4 மில்லிகிராம் என்ற இந்தியாவின் 2009 வரம்பும் வெளிக்காற்றுக்குத்தான்.

தரையில் படுத்தால் ஆபத்தா, கட்டிலில் படுத்தாலா? இரண்டும் ஒன்றே, காற்றோடு கலந்து அறை முழுக்க நிற்கும்.

ஏர் பியூரிஃபையர், ஜன்னலோரச் செடி, ஸ்மோக் டிடெக்டர்? மூன்றும் உதவாது. மோனாக்சைடு அலாரம் என்று தனியாக விற்கிறது, அது உதவும்.

கேஸ் கீசர்? குளியலறைக்கு வெளியே, புகைக்குழாயோடு இருந்தால் சரி.

எலெக்ட்ரிக் ஹீட்டர் ஆக்சிஜனைக் குடிக்குமாமே? குடிக்காது, கரண்டைத்தான் குடிக்கும். தனி வாடகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

காலையில் எல்லோருக்கும் தலைவலி, குமட்டல் என்றால்? கொண்டை ஊசி வளைவுகளையும் நேற்றைய பரோட்டாவையும் திட்டுவதற்கு முன் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாக ‘உள்ளே கரி இருந்தது’ என்று சொல்லுங்கள். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள மோனாக்சைடு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரமாகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கலாமா? மாட்டினால் 98 என்று காட்டும். மோனாக்சைடு ஏறியதையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அது படிக்கிறது.