புகைப்படமும் பூட்ஸும்: பட்டாளத்து மூதாதையரை வாசித்தல்

எங்கள் வீட்டுச் சுவரில், அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில், என் கொள்ளுத்தாத்தா இருக்கிறார். மார்பளவுப் படம். தலைப்பாகை, காக்கிக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். வருகிறவர்களிடம் சித்தப்பா 'பட்டாளத்துக்காரர் குடும்பம்' என்பார், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஒருமுறை வந்திருந்த தோழர் ஒருவர் மட்டும், 'வெள்ளைக்காரனுக்குக் கூலிப்படையா இருந்ததுல என்னங்க பெருமை?' என்று கேட்டுவிட்டார். சித்தப்பாவின் பெருமிதம், தோழரின் கேள்வி இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும், இரண்டும் சீருடையோடு நின்றுவிடுகின்றன.

மூலப்படம் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அட்டையில் ஒட்டி, பழுப்பேறிப்போன ஸ்டூடியோப் படம். அதில் முழு ஆளும் இருக்கிறார். வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், கைவைத்த நாற்காலியில், கால்களை அகட்டி ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். திரைச்சீலை ஸ்டூடியோக்காரருடையது. நாற்காலியும் பூச்சாடியும் அப்படியே. பூட்ஸ் மட்டும் அவருடையது. சரியாகச் சொன்னால், சர்க்காருடையது.

ரோலான் பார்த் 1980இல் வெளியான தன் புகைப்பட நூலில் ஸ்டூடியம், பங்க்டம் என்று இரண்டைப் பிரிக்கிறார். பண்பாட்டுப் பயிற்சியால் ஒரு படத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பொதுப்பொருள் முதலாவது. படத்திலிருந்து கிளம்பி நம்மைத் தைக்கும் சின்ன விவரம் இரண்டாவது. என்னைத் தைப்பது அந்த பூட்ஸ். ஆனால் பார்த்துக்குப் போல இது ஒருவனுடைய அந்தரங்கத் தைப்பு அல்ல. இதற்கு ஊர் உண்டு, சேரி உண்டு. தாத்தாவின் தங்கை, எங்கள் சின்ன ஆயா, தன் அம்மா சொல்லக் கேட்டதைச் சொல்லும்: 'நைனா லீவுல வந்தா ஊர் எல்லையில பூட்ஸ அவுத்து கையில எடுத்துக்கினுதான் வருமாம். ஊர்த்தெருவத் தாண்டித்தானே நம்ம தெரு? சேரிக்குள்ள வந்தப்பறம் மறுபடி மாட்டிக்கும்.'

அந்த ஊருக்குள் பூட்ஸோடு உட்கார்ந்து அவர் படம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதை ஸ்டூடியோ தந்தது, காசுக்கு.

அதே காலத்தில் இதே மக்களை இன்னொரு கேமராவும் படமெடுத்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தார். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அந்த வகைப் படங்களில் ஆளுக்குப் பெயர் கிடையாது, கீழே சாதிப் பெயர் இருக்கும். எங்கள் படத்தில் எந்தப் பெயரும் இல்லை. சாதிப் பெயர் இல்லாமல் இருப்பதற்காகத்தான் அவர் காசு கொடுத்தாரோ என்றுகூட யோசிக்கிறேன். (சின்ன ஆயா கேட்டால் சிரிக்கும்.)

கேமராவுக்கு இருந்த வகைப்படுத்தும் கண் ராணுவத்துக்கும் இருந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆட்கள் நீண்ட அமைதியில் போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்று தீர்மானித்தார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனதும் 'போர்க்குடி' என்ற சொல்லாடல் ஆளெடுப்புக் கொள்கையாகவே ஆயிற்று. சென்னைக் காலாட்படைகள் குறைக்கப்பட்டன. சேரி ஆட்களுக்கு முக்கியமாக மிஞ்சிய வழிகள் சேப்பர்ஸும் பயனீர்ஸும். பயனீர் என்றால் துப்பாக்கியும் உண்டு, மண்வெட்டியும் கடப்பாரையும் உண்டு. பாதை வெட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது. ஊரில் செய்த மண்வேலைதான், சீருடையோடு. படத்தில் அந்த மண்வெட்டி இல்லை.

படம் மறைப்பது இது மட்டுமல்ல. 1921இல் மலபாரில் மாப்பிளாக்களின் எழுச்சியை ஒடுக்கப் போன படைகளில் சென்னை மாகாணப் பிரிவுகளும் இருந்தன. தோழரின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் 'கூலி' என்ற சொல்லை அவர் சொன்ன தொனி உறுத்துகிறது. கூலியே இல்லாமல் பண்ணையில் உழைத்தவனுக்கு மாதச் சம்பளம் என்ன பொருள் தந்திருக்கும் என்பது அந்தத் தொனிக்குத் தெரியாது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பாலும் சுபேதார்தான்; மாவ் பாசறையில்தான் 1891இல் அம்பேத்கர் பிறந்தார். 1927 ஜனவரி 1 அன்று அவர் கோரேகான் தூண் முன்னால் போய் நின்றது பிரிட்டிஷ் விசுவாசத்தால் அல்ல. அங்கே பெயர்கள் கல்லில் இருந்தன. எங்களுக்கு ஓர் அட்டைதான்.

சென்னைப் பயனீர்ஸ் 1933இல் கலைக்கப்பட்டது. கொள்ளுத்தாத்தா திரும்பி வந்தார், அதே ஊருக்கு. பூட்ஸ் என்ன ஆயிற்று என்று சின்ன ஆயாவைக் கேட்டேன். 'பண்ணை வேலைக்கு எதுக்குடா பூட்ஸு?' என்றது.

புது வீடு கட்டியபோது சித்தப்பா படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிசாக்கி, வர்ணமும் ஏற்றினார். அப்போதுதான் மார்புக்குக் கீழே வெட்டப்பட்டது. மூலப்படத்தின் கீழ் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. இடது பூட்ஸ் பாதிதான் பாக்கி. மறுபடி முழுசாகப் போடலாமே என்றேன். 'மொகம் தெரிஞ்சா போதாதா? முழுசாப் போட்டா மொகம் சின்னதாயிடும்டா. அம்பேத்கர் படத்துக்குச் சமமா வராது' என்கிறார்.